மின்-தேயின் பிறந்தநாள் பனர்

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலிருக்கும் லாபிர் நானாவின் அச்சுக் கடைக்குச் செத்தவீட்டுக்காரர் வந்தால், செத்தவரின் படத்தை நீட்டிக்கொண்டே, "அந்தத் தங்கச்சி செய்யட்டும்" என்று சொல்வார்கள். அந்தத் தங்கச்சிதான் சுதர்சிகா. இருபத்தேழு வயது, ஈச்சிலம்பற்றுப் பெட்டை. கலியாண பனரும் அடிப்பாள், கடைப் பெயர்ப்பலகையும் அடிப்பாள். ஆனால் கண்ணீர் அஞ்சலி என்று வந்துவிட்டால் அவளின் கைக்கு ஈடாய் வேறு கை இல்லை. முட்டை வடிவச் சட்டத்துக்குள் முகம், சுற்றிவர வெள்ளை லில்லிப் பூ, இடது மூலையில் மலர்வு என்று பிறந்த திகதி, வலது மூலையில் உதிர்வு என்று செத்த திகதி. அழுதுகொண்டு வந்தவர்கள்கூடப் பார்த்துவிட்டு, "வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை" என்று சொல்லிப் போவார்கள்.

அந்த முட்டைச் சட்டம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? தகப்பனுக்குச் செய்தது. நாலு வருஷத்துக்கு முன்னம், வெருகல் ஆற்று வாயில் தோணி கவிழ்ந்து மனிசன் போய்ச் சேர்ந்தபோது, சுதர்சிகா கடையில் சேர்ந்து இரண்டு மாதம்தான். கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தானே செய்தாள். அதை யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள்.

தாய் யோகமலர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள், அதுவும் இரண்டு மணித்தியாலம். செய்தியை எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று இங்கே மகளும் சொந்தக்காரரும் யோசித்துக்கொண்டிருக்க, அந்த வெள்ளிக்கிழமை அவள் போனைத் திறந்தாள், பனரைக் கண்டாள். புருஷன் செத்ததை உதிர்வுத் திகதியில் வாசித்தவள் அவள். அந்த இடத்திலேயே விழுந்தாள். பிரஷர் எங்கேயோ ஏறி, ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு அதிர்ச்சியை இந்த உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லி விட்டிருந்தார்.

அன்றிலிருந்து சுதர்சிகாவுக்கு ஒரு சட்டம். வெள்ளிக்கிழமை எங்கள் நேரம் மூன்றரைக்கு அம்மாவின் போன் உயிர்க்கும். அம்மா வேறு எதையும் திறக்க முதல் தன் குரல் போய் விழவேண்டும். நாலு வருஷத்தில் ஒரு கிழமை தவறவில்லை. இந்த வருஷம் ஓகஸ்ட் இருபத்தொன்பதாம் திகதி யோகமலருக்கு டிக்கெட் போட்டாயிற்று. வெருகல் கோயில் திருவிழாவுக்கு நிற்கலாம், இனித் திரும்பிப் போகத் தேவையில்லை. அதுவரைக்கும் அந்த மனிசியின் காதில் கெட்டது எதுவும் விழக்கூடாது. சுதர்சிகாவின் நேர்த்திக்கடன் அவ்வளவுதான்.

இனி மற்றக் கதைக்கு வருவம். செத்தவர்களோடு வேலை செய்கிற இந்தப் பெட்டைக்கு உயிர் எங்கே இருந்ததென்றால், கொரியாவில். 'நோர்த்லைன்' என்று ஏழு பெடியன்கள் ஆடிப் பாடுகிற குழு. அந்த ஏழு பேரில் தனக்கென்று தெரிந்தெடுத்து வைத்திருக்கிறவனை இந்த ரசிகைகளின் பாஷையில் பயாஸ் என்பார்கள். அவளின் பயாஸ் மின்-தே. கிண்ணியாவில் இருக்கிற அம்ராவும் இவளும் சேர்ந்து 'திருமலை நோர்த்லைன்' என்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் நடத்தினார்கள். மூதூர், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், சென்னை, கோலாலம்பூர் என்று தமிழ் தெரிந்த பிள்ளைகள் நாலாயிரம் பேர் அதில்.

அம்மாடி, அங்கே நடக்கிற கதை! பாராளுமன்றத்தில்கூட அப்படி நடக்காது. புதுப் பாட்டு வந்தால் ஸ்டொப்வோச் வைத்து எண்ணுவார்கள். "மின்-தேக்குப் பதினொரு செக்கன்தான் குடுத்திருக்கிறாங்கள், இது அநியாயம்!" என்று ஒருத்தி தொடங்குவாள். "குரல் இருக்கிறவனுக்குத்தானே பாட்டு வரி குடுக்கலாம்" என்று மற்றவள் குத்துவாள். தலைமயிரை நீலமாக்கினது சரியா பிழையா என்று மூன்று நாள் கொழுவல். அம்ராவுக்கு இதெல்லாம் பகிடி. சுதர்சிகாவுக்குப் பகிடியில்லை. அவள் அளந்து, யோசித்து எழுதுவாள். அவள் எழுதினால் மற்றவர்கள் நின்று வாசிப்பார்கள்.

ஜூலை மாதம் மின்-தே நேரலையில் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பாடச் சொல்லிக் கேட்டார்கள், குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, சிரித்துச் சமாளித்தான். அதற்கு முதல் நாள்தான் வெள்ளிக்கிழமை. அம்மாவும் வீடியோவில் அப்படித்தான் இருந்தாள், கழுத்தெலும்பு தெரிய, சிரித்துக்கொண்டு. சுதர்சிகாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இருந்து எழுதினாள்:

"மின்-தே ஒரு வருஷம் ஓய்வெடுக்க வேணும். வீட்ட போகட்டும். நாங்கள் கேக்கக் கேக்கத்தான் அவனை ஆட வைக்கிறாங்கள். உண்மையா விருப்பமெண்டால் கேக்கிறதை நிப்பாட்டுவம்."

அம்ரா உடனே போன் எடுத்தாள். "சுதாக்கா, இதை அழிச்சிருங்க. ஆக்கள் பிழையா எடுப்பாங்க."

"இதில என்னடி பிழை? அவன் சாகிறதைப் பாத்துக்கொண்டு கைதட்டச் சொல்லுறியா?"

அழிக்கவில்லை. நாலாயிரம் பேருக்குள் 'மின்தே காவல்' என்று ஒரு கணக்கு இருந்தது. யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒருத்தருக்கும் தெரியாது. அவனைப் பற்றி யார் குறை சொன்னாலும் அந்தப் பதிவைப் படம் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அது ஒரு பதில் போட்டது: "மேடையில இருந்து அவனை இறக்க நினைக்கிறவள் ரசிகை இல்லை, அன்டி. உன்னைக் கவனிச்சுக்கொண்டிருக்கிறம்." அன்டி என்றால் பகையாளி. அந்த உலகத்தில் அதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. சுதர்சிகா வாசித்துவிட்டு, விசர்க் கதை என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் எதை எழுதினாலும் முதலாவதாக வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறது அந்தக் கணக்குத்தான்.

ஓகஸ்ட் ஒன்பது மின்-தேயின் பிறந்தநாள். ரசிகைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயாஸின் பிறந்தநாளுக்கு அவனின் படத்தைப் பெரிதாக அடித்துச் சனம் போகிற வருகிற இடத்தில் கட்டுவார்கள். பெரிய பட்டினங்களில் ரயில் நிலையத்தில் வைப்பார்களாம். திருமலையில் யார் வைக்கிறது? சுதர்சிகாதான் வைக்கவேண்டும். கையில் மெஷின் இருக்கிறது, லாபிர் நானா மிஞ்சின பனர்த் துணி தருகிறார், பிறகென்ன?

கடைசியாக வந்த பாட்டிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தாள். மெல்லிய சிரிப்பு. தனக்குத் தெரிந்ததில் ஆக வடிவானதை அவனுக்குக் கொடுக்க நினைத்தாள், கை தானாகப் போய்த் தகப்பனின் கோப்பைத் திறந்தது. முட்டைச் சட்டம். வெள்ளை லில்லி. மேலே கொரிய எழுத்தில் பெயர். இடது மூலையில் பிறந்த திகதி. வலது மூலை மொட்டையாய்க் கிடந்தது, இந்த வருஷத்துப் பிறந்தநாள் திகதியைப் போட்டாள். கீழே, 'என்றும் உன் நினைவில், திருமலை ரசிகைகள்' என்று எழுதினாள். பிறந்தநாளுக்கு எழுதுகிற வசனமா அது? நாலு வருஷமாய் அவளின் விரல் வேறு வசனம் பழகவில்லையே!

பனர் மெஷினிலிருந்து இறங்கியதும் லாபிர் நானா வந்து பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "யாரு இந்தப் புள்ள? சின்ன வயசாயிருக்கே."

"என்ர ஆள் நானா," என்று சிரித்தாள். மனிசன் ஒன்றும் விளங்காமல் போனார். அந்தச் சப்புக்கொட்டு அவளுக்கு அப்போது கேட்டிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்!

சனிக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வேலியில் கட்டினார்கள். கச்சான் காற்றுக்கு அது படபடவென்று அடித்தது. சந்தைப் பையோடு வந்த ஒரு மனிசி நின்றாள். "ஐயோ, என்ன வடிவான பிள்ளை. பெத்தவள் எப்பிடித் தாங்கினாளோ," என்று கன்னத்தில் கை வைத்தாள். ஒரு ஓட்டோக்காரர் தொப்பியைக் கழற்றினார். பத்து மணிக்குள் யாரோ புண்ணியவாளர் கீழே இரண்டு மாலையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். திருமலைப் பட்டினத்துத் தெருவில் திரிகிற மான்கள்தான் தெரியுமே, கூச்சம் இல்லாதவை. இரண்டு வந்து அந்தப் பூவை நின்று தின்றன. அம்ரா சிரிப்புத் தாங்காமல் அதை வீடியோ எடுத்து, 'எங்கட மின்-தேக்கு மான்களும் வாழ்த்து' என்று பக்கத்தில் போட்டாள்.

அம்ராவுக்குப் பகிடி. எங்களுக்கும் பகிடிதான். ஆனால் மாலையும் கறுப்பு வெள்ளைப் படமும் இரண்டு திகதியும் வெளிநாட்டுக்காரருக்கு எப்படிப் போய்ச் சேரும்? முதலில் ஒரு சென்னைப் பிள்ளை, "இது இறந்தவங்களுக்கு வைக்கிறதாச்சே?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் அது ஆங்கிலத்துக்குப் போய், தாய்லாந்துக்குப் போய், பிரேசிலுக்குப் போய், உயிரோடு இருக்கிற பெடியனுக்கு இலங்கையில் செத்தவீடு கொண்டாடுகிறார்கள் என்று ஆகிவிட்டது. மின்தே காவல் ஜூலை மாதப் பதிவின் படத்தை எடுத்துப் பனருக்குப் பக்கத்தில் ஒட்டியது. "முதல்ல ஓய்வு எடுக்கச் சொன்னாள். இப்ப ஒரேயடியா ஓய்வு குடுக்கிறாள்."

சுதர்சிகாவுக்கு அப்போதுதான் பனர் பனராய்த் தெரிந்தது. ஓடிப்போய்க் கழற்றினாள். குற்றம் இல்லாவிட்டால் ஏன் கழற்றினாள் என்று அதற்கும் ஒரு நாள் முழுக்க விவாதம். இது எங்கள் பக்கத்து வழக்கம், கை பழகின பிழை என்று விளக்கம் எழுதினாள். "ஒவ்வொரு நாளும் சாவுப் படம் செய்யிறவளுக்குத் தெரியாமலா செய்தவள்?" என்று கேட்டார்கள். உண்மையாகவே தெரியாமல்தான் செய்தாள், அதை யார் நம்புவது?

வியாழக்கிழமை பின்னேரம் அம்ரா கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். போனை நீட்டினாள். மின்தே காவல் போட்டது.

அதே பனர். அதே முட்டைச் சட்டம், அதே லில்லி. உள்ளே சுதர்சிகாவின் முகம். பக்கத்தின் ஆண்டு விழாவுக்குச் சேலை கட்டி எடுத்த படம், கறுப்பு வெள்ளையாக்கியிருந்தது. இடது மூலையில் அவளின் பிறந்த திகதி. வலது மூலையில் 15.08.2025. அது நாளைய திகதி. கீழே அவளே எழுதின வசனம்: என்றும் உன் நினைவில்.

லாபிர் நானா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாவே! இது என்ன கூத்து? வாங்க, பொலிசுக்குப் போவோம்," என்றார்.

"பகிடிக்குச் செய்திருக்கினம் நானா. ரெண்டு நாளில அடங்கும்," என்றாள் சுதர்சிகா. வாய் அப்படிச் சொல்லியது. மனம் நாளைக்கு என்ன கிழமை என்று எண்ணிக்கொண்டிருந்தது.

வெள்ளி காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. கிளிவெட்டியிலிருந்து தாயின் தங்கச்சி. "ஹலோ" என்றவுடனேயே அந்தப் பக்கம் ஓவென்று அழுகை. "பிள்ளை, நீ இருக்கிறியாடி? நீ இருக்கிறியா?"

ஊர்க்காரர் நடத்துகிற ஒரு பக்கம், வெளிநாட்டிலிருக்கிற எங்கள் சனம் முழுக்கப் பார்க்கிறது, அந்த அஞ்சலியைப் பகிர்ந்திருந்தது. 'எமதூர் மகள்' என்று. எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே? முட்டைச் சட்டத்தைக் கண்டால் போதும், கை தானாக 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று அடிக்கும். இருநூற்றுப் பதினாலு பேர் அனுதாபம் எழுதியிருந்தார்கள். படிப்பித்த வாத்தியார், 'திறமையான மாணவி, மறக்க முடியாது' என்று எழுதியிருந்தார். ஆத்மா சாந்தியடையட்டுமாம்! இருநூற்றுப் பதினாலு பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவளின் நம்பரை எடுத்து அடித்துக் கேட்கவில்லை.

பக்கத்தை நடத்துகிற அண்ணர் கனடாவில். அங்கே நடுச்சாமம். அடித்தாள், அடித்தாள், எடுக்கவில்லை. பின்னூட்டத்தில், "நான்தான் சுதர்சிகா, உயிரோட இருக்கிறன், தயவுசெய்து எடுங்கோ" என்று எழுதினாள். அனுதாபங்கள் மேலே மேலே விழ, அது எங்கேயோ கீழே போய்விட்டது. மூலப் படத்தையாவது எடுத்தால் ஊர்ப் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும் என்று அம்ரா சொன்னாள். அது மின்தே காவலின் கையில் இருந்தது.

கெஞ்சினாள். தாயின் கதை முழுவதையும் எழுதினாள். பதில் வந்தது: "முதலில் வீடியோவில் மன்னிப்புக் கேள்."

அச்சு மெஷினுக்கு முன்னால் நின்று கேட்டாள். போட்டவுடன் கூட்டம் கூடி அதையும் விவாதிக்கத் தொடங்கியது. கண்ணீர் வரவில்லையாம். தலை குனியவில்லையாம். இரண்டாம் தரம் எடுத்தாள், தலையைக் குனிந்தாள். மின்-தேயின் பெயரைச் சொல்லவில்லையாம். மூன்றாம் தரம் எடுக்கும்போது கண்ணீர் தானாக வந்தது. அது நடிப்பாம்! மணி இரண்டே முக்கால்.

"வாக்கெடுப்பு வைக்கிறம்," என்று எழுதியது மின்தே காவல். "மன்னிக்கலாமா, கூடாதா? நாலு மணிக்கு முடிவு."

"மூண்டரைக்கு முதல் எடுங்கோ. மூண்டரைக்கு அம்மா பாப்பா. உங்களுக்கும் அம்மா இருக்கிறாதானே?"

விதி விதிதான் என்று பதில் வந்தது.

மூன்று மணியிலிருந்து அம்மாவின் நம்பரை அடிக்கத் தொடங்கினாள். போன் நிறுத்தி வைத்திருக்கிறது. மூன்று ஐந்து, நிறுத்தியிருக்கிறது. மூன்று பத்து, நிறுத்தியிருக்கிறது. அம்ரா பக்கத்தில் இருந்து ஓதிக்கொண்டிருந்தாள். லாபிர் நானா மெஷினை நிறுத்திவிட்டார். மூன்று இருபதுக்குப் போனில் வேறு ஒரு சத்தம் வந்தது. அவள் பாய்ந்து எழும்பினாள்.

மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது.

அந்த வீட்டுக்காரி எங்கேயோ வெளியில் போகிற அவசரத்தில் போனைப் பத்து நிமிஷம் முன்னரே கொடுத்துவிட்டாள். நல்ல மனசு. நாலு வருஷத்தில் ஒருநாளும் நடக்காதது. கொடுத்த கையோடு ஊரிலிருந்து யாரோ ஒரு சொந்தம் முந்திக்கொண்டது, துக்கம் விசாரிக்க.

"வையடி போனை, வை, வை," என்று யாரென்று தெரியாத அந்த ஆளைப் பார்த்துச் சுதர்சிகா கத்தினாள். திரும்ப அடித்தாள். வேறு அழைப்பில். திரும்ப. வேறு அழைப்பில். மூன்று முப்பத்திமூன்றுக்குத்தான் எடுபட்டது.

"அம்மா! நான் சுதா. நான் இருக்கிறன் அம்மா. அது பொய். ஒண்டும் நடக்கேல்ல, நான் கடையில இருக்கிறன், கேக்குதா?"

ஒரு சத்தம் வந்தது. சொல்லாக வரவேண்டியது, வாய்க்குள் குழைந்து சத்தமாகவே நின்றுவிட்டது. பிறகு இன்னொருதரம் அதே சத்தம். பிறகு போன் கை மாறியது. அந்த வீட்டில் சமைக்கிற கேரளத்து அக்கா, அரைகுறைத் தமிழில்: "மோளே, அம்மா கீழே விழுந்தாச்சு. வாய் ஒரு பக்கம் போச்சு. கை தூக்க முடியல. வண்டி வருது, மோளே."

சரியாக நாலு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. மன்னிக்கலாம் என்பதற்குத்தான் கூடுதல் வாக்கு. மின்தே காவல் படத்தை எடுத்துவிட்டு, ஒரு இதயமும் போட்டு, "எல்லாரும் இனி ஒற்றுமையா இருப்பம்" என்று எழுதியது. கனடா அண்ணர் விடிய எழும்பி, தவறுக்கு வருந்துகிறோம் என்று போட்டார். அதற்கும் நாற்பது பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

யோகமலர் போட்ட டிக்கெட்டில் போட்ட திகதிக்கே வந்தாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலப்பக்கம் முழுவதும் விழுந்து போயிற்று, பேச்சும் இல்லை. விமான நிலையத்து வாசலில் இடக்கையைத் தூக்கி மகளின் நெற்றி, மூக்கு, கன்னம், நாடி என்று ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தாள். சுதர்சிகா குனிந்தபடியே நின்றாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

ஒக்டோபரில் நோர்த்லைன் கொம்பனி ஒரு அறிவித்தல் விட்டது. மின்-தேக்குத் தொண்டையில் வருத்தமாம், உடம்பும் சரியில்லையாம், ஒரு வருஷம் ஓய்வாம். ரசிகைகள் எல்லாரும் நல்ல முடிவு, நல்ல முடிவு என்று எழுதினார்கள். "அவன் வீட்ட போகட்டும். இதை எதிர்த்துக் கதைக்கிறவன் அன்டி," என்றது மின்தே காவல். உலகம் முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு அது பிடித்திருந்தது. அம்ரா படம் பிடித்து அனுப்பினாள். சுதர்சிகா வாசித்தாள். மெஷினுக்குத் திரும்பினாள்.

இப்போதும் லாபிர் நானாவின் கடையில்தான் வேலை. முட்டைச் சட்டம் மட்டும் போடுவதில்லை, யார் கேட்டாலும் ஏலாது என்கிறாள். பாலையூற்றில் ஒரு அறையில் தாயை வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டு அக்கா பகலில் பார்த்துக்கொள்கிறா. தாயின் இடக்கைக்கு எட்டக்கூடியதாய்ப் போனை வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். அந்த மனிசிக்கு இப்போது தெரிந்த வேலை ஒன்றுதான், மகளின் நம்பரை அமத்துவது. ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம். செத்தவீட்டுக்காரர் படத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போதும் அடிக்கும். சுதர்சிகா ஒருதரமும் அடிக்கவிட்டு வைத்திருப்பதில்லை, முதல் மணியிலேயே எடுப்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

"இருக்கிறன் அம்மா," என்பாள். மூச்சு கொஞ்சம் ஆறும். "ஓம், இருக்கிறன்."

பிறகு போனை வைத்துவிட்டு, நிற்பவர்களிடம் உதிர்வுத் திகதியைக் கேட்பாள்.